பூட்டைப் போட்டவர்

என் கணவன் செத்த மறுநாள் காலையிலும் ஏழுவர்ணம் டையிங் என்ற சாயப்பட்டறையின் வாசல் பலகையில், 'விபத்தில்லா நாட்கள்' என்ற எழுத்துக்குக் கீழே இருந்த எண் ஒன்று கூடியிருந்தது. யாரோ மாற்ற மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மறக்கவில்லை. அந்தப் பலகையை மாற்றுவது மனிதர் இல்லை, கணினி. ஏதாவது ஒரு விதி மீறப்பட்டிருந்தால்தான் அதன் கணக்கில் விபத்து. ஏழுவர்ணத்தில் அன்றைக்கு ஒரு விதியும் மீறப்படவில்லையாம். தரணீஷ் மட்டும் செத்துப்போயிருந்தான்.

நான் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வரும் அன்று அவசர வாசலை மறைத்துக் கிடக்கும் அட்டைப்பெட்டிகள் எங்கே போகும், அவர் கார் கிளம்பியதும் எப்படித் திரும்பி வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. விதி வேறு, உயிர் வேறு என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்து, ஒன்றைத் திரையில் உட்கார வைத்துவிட்டு இன்னொன்றைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்க முடியும் என்பது எனக்கே புதுசு.

'நிழல்' வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆபத்தான வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் தொழிலாளி பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், தெரிந்தேதான் இறங்குகிறேன் என்று ஒப்புதல் தர வேண்டும். இது சட்டம். இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரம் ஆட்களைச் சும்மா உட்கார வைக்க முதலாளிகளுக்கு வயிறு எரிந்தது. எங்கெங்கோ பேசி, விதியில் இரண்டு வரித் திருத்தம் வாங்கினார்கள். ஒவ்வொரு தொழிலாளியின் குரலையும் முகத்தையும் பேச்சையும் எடுத்துக் கணினிக்குள் அவனைப் போலவே ஒருவனைச் செய்துகொள்ளலாம். அவன்தான் நிழல். நிழல் படித்தால் தொழிலாளி படித்ததாக அர்த்தம். நிழல் ஒப்புக்கொண்டால் தொழிலாளி ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

தரணி குதித்துக்கொண்டு வந்து சொன்னான்.

"இனிமே நான் கிளாசுக்குப் போகோண்டாம் வர்ஷி. எனக்குப் பதிலா அவன் ஒக்காந்துக்குவான்."

"அவன் படிச்சா உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எதுக்குத் தெரியோணும்? கேக்கறவங்களுக்கு அவன் பதில் சொல்லிக்குவான்."

"அப்ப பசிச்சா அவனையே சாப்புடச் சொல்லு."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அவன் அசட்டையானவன் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் ஏழுவர்ணம் எழுதியதும் நான் எழுதுவதும் ஒன்றாகிவிடும். பராமரிப்புப் பிரிவில் ஒவ்வொருவருக்கும் சிவப்பு நிறத்தில் ஒரு பூட்டு உண்டு. அதில் அவனவன் படமும் பெயரும் இருக்கும். எந்த மெஷினுக்குள் கை வைத்தாலும், எந்தத் தொட்டிக்குள் இறங்கினாலும், முதலில் அதன் சுவிட்சையோ வால்வையோ மூடி அந்தப் பூட்டைப் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் அதை அமுக்கிப் பூட்டலாம். திறக்க, பெயர் உள்ளவனின் பெருவிரல் வேண்டும். ஒருமுறை எங்கள் வீட்டு நிலத்தடித் தண்ணீர்ச் சம்ப்பில் மோட்டார் ரிப்பேர். தரணி மெயின் பெட்டியில் அந்தப் பூட்டைப் போட்டுவிட்டு உள்ளே இறங்கினான். சித்திரை வெயில். ஃபேன் இல்லாமல் நான் வியர்த்து வழிந்துகொண்டு கத்தினேன்.

"நான் இங்கதான நிக்கறேன், என்னை மீறி யாரு சுவிட்ச் போடப் போறாங்க?"

"நீ நின்னாலும் சரி, கலெக்டர் நின்னாலும் சரி. போட்டவன்தான் எடுக்கோணும். நான் வெளிய வந்தாத்தான் எடுப்பேன்."

இப்படிப்பட்டவன்தான் பூட்டில்லாத தொட்டிக்குள் இறங்கினான். எப்படி என்று கேட்டால், ஆயுத பூஜை.

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்கு முன்னால் மெஷின், தரை, சுவர் எல்லாம் கழுவியாக வேண்டும். பிறகு ஸ்பேனர், சுத்தியல், அளவுகோல் என்று கைபடும் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. இந்த வருஷம் பொரியும் சுண்டலும் கொடுத்து முடிந்த கையோடு மேலாளர் செந்தூரன் வந்து, கழிவுத் தொட்டியில் பாதிச் சேறு அப்படியே கிடக்கிறது, தீபாவளி ஆர்டர் நிற்கிறது, இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்றார். மண்வெட்டியைக் கடையில் புதிதாக வாங்கி வரச் சொன்னார். பூட்டைக் கடையில் வாங்க முடியாது. தரணியின் சிவப்புப் பூட்டு சாமி படத்துக்கு முன்னால் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தது.

தொட்டி வாயில் ஒரு திரை இருக்கிறது. தரணி அதன் முன்னால் போய் நின்றதும் அவனுடைய நிழல் வேலையை முடித்துவிட்டது. வகுப்பு முடிந்தது. ஒப்புதல் தந்தாயிற்று. வால்வு பூட்டப்பட்டது. எல்லாம் பச்சை.

"அண்ணன் ஒரு நிமிஷம் யோசிச்சாருங்க அக்கா," என்று பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னான் முகுந்தன். அவனும் பராமரிப்புப் பிரிவுதான். தரணியின் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றவன் அவன்தான். "பூட்டு பூஜையில இருக்குதேன்னு நான் கேட்டேன். 'பூட்டியாச்சுன்னு போட்டிருக்கான் பாரு, இப்பெல்லாம் கம்ப்யூட்டர்லயே பூட்டறாங்களாட்ட இருக்குது'ன்னு சொல்லிட்டு எறங்கிட்டாருங்க."

கணினி எதையும் பூட்டவில்லை. சாயத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடுவது கையால் சுற்றும் பழைய இரும்புச் சக்கர வால்வு. அதைப் பூட்ட ஒரு மனிதக் கையும் ஒரு நிஜப் பூட்டும் வேண்டும். சாயப் பிரிவில் தண்ணீரை வெளியேற்ற வந்த ஆள் சக்கரத்தைப் பார்த்தார். சிவப்புப் பூட்டு தொங்கவில்லை. திறந்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் வழக்கப்படி பார்த்துத்தான் திறந்தார். தொட்டிச் சேற்றில் இருந்தது இந்த வருஷம் புதிதாகக் கொண்டுவந்த கந்தகக் கறுப்புச் சாயத்தின் கழிவு. அதன் மேல் அமிலத் தண்ணீர் விழுந்தால் விஷவாயு கிளம்பும். இது நிழலுக்குத் தெரியும். வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தரணிக்குத் தெரியாது. முகுந்தன் கயிற்றை இழுத்து அவனை மேலே கொண்டுவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்த வாரத்தில் விசாரணை வைத்தார்கள். ஏழுவர்ணத்தின் கண்ணாடி அறையிலேயே. அரசுப் பாதுகாப்பு அதிகாரி ரூபேஷ், கம்பெனி வக்கீல் அக்‌ஷரா, செந்தூரன், சாட்சியாக முகுந்தன், உறவினர் என்ற முறையில் நான். கண்ணாடிக்கு வெளியே ஆலை முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. தரணியைத் தூக்கிய மறுநாளே ஓட ஆரம்பித்துவிட்டதாம். தொட்டியில் சேறு இன்னும் பாதி கிடந்தது. அதை அள்ள வரும் திங்கட்கிழமை முகுந்தன் இறங்க வேண்டும். அவனுடைய நிழல் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்துவிட்டது.

"முக்கியமான சாட்சியைக் கூப்பிடலாமா?" என்றார் வக்கீல்.

யார் சாட்சி என்று நான் கேட்பதற்குள் சுவரில் இருந்த திரை ஒளிர்ந்தது. தரணி உட்கார்ந்திருந்தான். நான் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை. வெட்டாத முடி விழுந்த நெற்றி. முகுந்தன் எழுந்து நின்றுவிட்டான்.

"வணக்கமுங்க," என்றது.

"விஷவாயு பத்தின பயிற்சி எடுத்தீங்களா?" என்று கேட்டார் ரூபேஷ்.

"எடுத்தேனுங்க. நூத்துக்கு நூறு."

"தொட்டியில ஆபத்து இருக்குன்னு தெரியுமா?"

"நல்லாத் தெரியுமுங்க."

"தெரிஞ்சுதான் ஒப்புதல் குடுத்தீங்களா?"

"ஆமாங்க."

"வால்வைப் பூட்டினீங்களா?"

"பூட்டினேனுங்க."

ரூபேஷ் தலையாட்டிக்கொண்டே எழுதினார். எனக்கு எழுந்து போய்த் திரையை உடைக்க வேண்டும் போலிருந்தது. என் புருஷனின் குரலைத் திருடி, என் புருஷனுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைக்கிறார்கள். அந்தக் குரல் எனக்கு நல்ல செய்தி சொன்ன குரல், திட்டிய குரல், காய்ச்சலில் முனகிய குரல். அதை இவர்கள் பேட்டரி மாற்றிப் பேச வைக்கும் பொம்மை ஆக்கியிருந்தார்கள்.

"அது தரணி இல்ல," என்று கத்தினேன். "வகுப்புல ஒக்காந்தது இவன். தொட்டியில எறங்குனது அவன். எறங்குனவனுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவன் எறங்கவே இல்ல. இது கூடவா உங்களுக்குப் புரியல?"

வக்கீல் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சிரித்தார். "உங்க வருத்தம் புரியுதும்மா. ஆனா சட்டத்தோட பார்வையில ரெண்டு பேரும் ஒருத்தர்தான். நிழல் செஞ்சது தொழிலாளி செஞ்சது. நாங்க ஒரு விதியையும் மீறல. பயிற்சி இருக்கு, ஒப்புதல் இருக்கு, பூட்டு இருக்கு. எல்லாம் தெரிஞ்சவர் எப்படியோ கவனக்குறைவா இருந்துட்டார்."

ரூபேஷ் தான் எழுதியதைப் படித்துக் காட்டினார். நிறுவனத்தின் மீது குறை இல்லை. முழு இணக்கம். மரணத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு. "இதுல ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க," என்றார். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலையாக அது அவருக்கு இருந்தது.

முகுந்தன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். இந்தக் கையெழுத்து விழுந்தால் திங்கட்கிழமை அவனும் கவனக்குறைவானவன் ஆகலாம். அவன் நிழலும் இதே சுவரில் உட்கார்ந்து நூற்றுக்கு நூறு என்று சொல்லும்.

சம்ப்புக்குள் இருந்து தரணி கத்தியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நான் ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றேன். "அதுகிட்ட."

வக்கீல் தோளைக் குலுக்கினார். ரூபேஷ் மணியைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பித்தானைப் பார்த்துக் கேட்டேன்.

"அந்தப் பூட்டு இப்ப எங்க இருக்குது?"

"வால்வுலதானுங்க இருக்குது."

"நீ இன்னும் எடுக்கலியா?"

"இல்லீங்க. வேலை முடியலீங்களே."

நான் ரூபேஷ் பக்கம் திரும்பினேன். "கேட்டீங்களா? பூட்டு இருக்குதாம். கண்ணாடி வழியாப் பாருங்க சார். ஆலை ஓடுது. சாயத் தண்ணி போகுது. அந்த வால்வு இப்ப, இந்த நிமிஷம் தெறந்து கெடக்குது. ஆள் உள்ள இருக்கான்னு பூட்டின வால்வைத் தெறந்து வெச்சுக்கிட்டு ஓட்டறாங்க. இது எந்த இணக்கம்?"

"அது கணினியில இருக்கிற பூட்டுதானேம்மா," என்று செந்தூரன் அவசரமாகச் சொன்னார். "நெஜத்துல அங்க பூட்டே கெடையாது."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. வக்கீல் அவரை முறைத்த முறைப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அப்படி வாங்க," என்றேன். "ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. பூட்டு இருந்துச்சா, இல்லியா? இல்லைன்னா இந்த நெழல் சொன்னது பொய். பூட்டு பொய்யின்னா பயிற்சி பொய், ஒப்புதலும் பொய். பூட்டாத தொட்டியில நீங்க ஒருத்தனை எறக்கிக் கொன்னீங்க. இருந்துச்சுன்னா, இன்னைக்கும் இருக்குது. பூட்டினவன் கவனக்குறைவானவன் இல்ல. அந்த வால்வை மூடுங்க."

ரூபேஷ் பேனாவை மூடினார். முதல் முறையாக அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வக்கீல் சுதாரித்துக்கொண்டார். "இது சின்ன விஷயம் சார். பதிவை நேர் செஞ்சா முடிஞ்சுது." திரையைப் பார்த்துக் குழந்தையிடம் பேசுவதுபோல் சொன்னார். "தரணீஷ், வால்வுல போட்ட பூட்டை இப்ப எடுத்துடுங்க."

"முடியாதுங்க."

"ஏன்?"

"போட்டவருதான் எடுக்கோணும். எறங்குன ஆளு வெளிய வந்து, வந்துட்டேன்னு பெருவிரல் வெக்கோணும். அதுக்கு முன்னால யாரு சொன்னாலும் எடுக்கக் கூடாதுங்க. பாடத்துல மொத வரியே அதுதானுங்க."

"போட்டவர் நீங்கதானே?"

"ஆமாங்க, நான்தானுங்க."

"அப்ப எடுங்க!"

"நான் உள்ள போனேனுங்க," என்றது என் புருஷனின் குரல், நிதானமாக. "இன்னும் வெளிய வரலீங்க."

எனக்கு நன்றாகத் தெரியும், அதற்கு மனம் இல்லை. அது துக்கத்தில் பேசவில்லை, படித்ததை ஒப்பித்தது. ஆனால் அவன் செத்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் சொல்லாத உண்மையை அதுதான் சொன்னது. அதிகாரி முன்னால் அழக் கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். வாய்விட்டு அழுதேன்.

பூட்டை அறுத்துவிடலாமே என்றார் செந்தூரன். அதற்கும் ஒரு விதி இருந்தது. ரூபேஷே தேடிப் படித்தார். பூட்டை அறுக்க வேண்டுமென்றால், போட்ட தொழிலாளி உயிரோடு வெளியேறியதைத் தன் கண்ணால் பார்த்ததாக மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். "போடறீங்களா?" என்று கேட்டார். செந்தூரன் போடவில்லை.

ரூபேஷ் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். பிறகு கவனக்குறைவு என்ற வரியை அடித்தார். பூட்டு அமலில் இருக்கிறது, வால்வு உடனே மூடப்பட வேண்டும், போட்டவர் எடுக்கும்வரை தொட்டியை யாரும் பயன்படுத்தக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது, பூட்டிய வால்வு எப்படித் திறந்தது என்பது தனியாக விசாரிக்கப்படும் என்று எழுதினார். நியாயம் பார்த்து எழுதினார் என்று நான் நம்பவில்லை. நிழல் பொய் சொல்கிறது என்று எழுதினால், இந்த மாவட்டத்தில் நிழல்களை நம்பி அவர் கையெழுத்துப் போட்ட அத்தனை ஆலைகளும் பொய் ஆகிவிடும். அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். அப்படியாவது ஒரு உயிர் தப்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

"பூட்டு அமல்ல இருக்குன்னா, வால்வுல நெஜமாவே இருக்கணும்ல சார்?" என்றேன்.

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

முகுந்தன் ஓடினான். பராமரிப்பு அறையில் சாமி படத்துக்கு முன்னால் அந்தப் பூட்டு அப்படியே இருந்ததாம். மற்றவர்கள் எல்லாம் மறுநாளே அவரவர் பொருளை எடுத்துக்கொண்டார்கள். செத்தவனுடையதைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதற்கு அடியில் தரணியின் படம். நான் துடைக்கவில்லை.

தொட்டிக்கு நடந்தோம். ரூபேஷும் பின்னாலேயே வந்தார். நாற்றம் மூக்கைப் பிய்த்தது. முகுந்தன் இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றி வால்வை மூடினான். நான் பூட்டைச் சங்கிலியில் மாட்டி அமுக்கினேன். தண்ணீர் போக வழியில்லாததால் சாயப் பிரிவில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. என்ன ஆச்சு என்று ஆட்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். முகுந்தன் இடுப்பில் இருந்து தன்னுடைய பூட்டை எடுத்தான்.

"என்னோடதும் இருக்கட்டுமுங்க அக்கா," என்று சொல்லி அதன் பக்கத்திலேயே மாட்டினான். செந்தூரன் முன்னால் அவன் தலையை நிமிர்த்தி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செந்தூரன் கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்தார். "முகுந்தன் பூட்டை விடுங்கம்மா, என்னைக்கானாலும் எடுத்துருவான். உங்க வீட்டுக்காரர் பூட்டை நாங்க என்ன பண்றது? தீபாவளி ஆர்டர் நிக்குது. அதைத் தெறக்க யாரைக் கூட்டிட்டு வரோணும், சொல்லுங்க."

"யாரும் வரோண்டாம். அவன் பெருவிரல் போதும்," என்றேன். "பவானி கூடுதுறையில கரைச்சிருக்கோம். போய் எடுத்துட்டு வாங்க."